காற்றுப் படாத அறை

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது, நின்றுகொண்டே சொல்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்ன வயதிலிருந்தே காலில் சக்கரம் கட்டிக்கொண்டவன் நான்.

என் தங்கை பாப்பா அப்படியில்லை. நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய குறைகடத்திப் படலங்களை அவள் செய்வாள். அவற்றைக் காற்றுப் படாத கண்ணாடிப் பெட்டியில் காப்பது, அதே ஆய்வகத்தில் டெக்னீஷியனான என் வேலை. படலத்தில் ஒளி பட்டால் ஓர் எலக்ட்ரான் எழும்பும். அது விட்டுவந்த காலியிடம் அதையே பிடித்துக்கொண்டு கூடவே அலையும். அந்த ஜோடிக்கு எக்ஸிட்டான் என்று பெயர். அணைவதற்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் பாப்பாவின் ஆராய்ச்சி. படலத்தில் பழுது இருந்தால் அங்கேயே மாட்டிக்கொண்டு அணைந்துவிடும்.

அவள் படலத்தில் அது யாரும் பார்க்காத தூரம் போனது. கடல் தாண்டி ஒரு பெரிய ஆய்வகம் கூப்பிட்டது.

"இன்னொரு தடவை இதே அளவு வந்துட்டா கெளம்பிடுவேண்ணா" என்றாள். "தனியா என்ன பண்ணப் போற? இப்பவாவது ஒரு கல்யாணம் பண்ணிக்கோண்ணா."

அம்மா அப்பா போனபின் அவளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவன் நான். எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

பிறகு, அவள் வருவதற்குமுன் தினமும் பெட்டியின் வால்வை லேசாகத் திறந்து மூடினேன். அந்தப் படலம் பழுதாகக் காற்றின் ஈரமே போதும். அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.

எக்ஸிட்டான்கள் பிறந்த இடத்திலேயே அணைந்தன. தன் கைதான் அழுக்கு என்று நினைத்துத் தோல் உரியக் கழுவினாள். "என் கையிலதாண்ணா ஏதோ இருக்கு" என்றாள். நான்தான் மருந்து போட்டுவிட்டேன். முதல் அளவே பொய்க்கணக்கு என்று ஆய்வகத்தில் பேசினார்கள். போகவேண்டிய இடமும் போயிற்று, இருந்த வேலையும் போயிற்று. எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. அதன்பிறகு நன்றாகத் தூங்கினேன்.

வீட்டில் அவள் அறை ஜன்னலுக்கு ஆணியடித்ததும் நான்தான். மனசு ஒடிந்தவள், வெளிக்காற்றுப் பட்டால் தாங்க மாட்டாள். கட்டிலிலிருந்து கதவுவரை நடப்பாள், திரும்புவாள். முதலில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் அதுவும் நின்றது.

இன்று நீங்கள் பூட்டை உடைத்துக் கதவை விரியத் திறந்தீர்கள். அவள் கட்டிலைவிட்டு இறங்கினாளா? போக விருப்பமில்லாதவளை நான் அடைத்துவைத்தேன் என்று எப்படி வழக்கு எழுதுவீர்கள்?