சத்து மருந்து

— கதவைச் சாத்து கண்ணு, முதல்ல கதவைச் சாத்து. அண்ணே, எடுங்க வண்டிய. பெரிய ஆஸ்பத்திரிக்கு.

— என்னக்கா ஆச்சு? ஏன் இப்படித் துவண்டு கெடக்கான்? பட்டாணி... டேய் பட்டாணி, அம்மா வந்துட்டேன்டா. அக்கா, கண்ணையே தெறக்க மாட்டேங்கறான்!

— மூச்சு இருக்கு. நெஞ்சுல கை வச்சுப் பாரு, ஏறி எறங்குது. மல்லாக்கப் போடாத, ஒருக்களிச்சுப் பிடி. தலையத் தொங்க விடாத.

— காப்பகத்துல எங்கேயாவது விழுந்தானா? மறைக்காம சொல்லு. ஊஞ்சல்ல, படியில, எங்கேயாவது?

— சத்தியமா விழல. சாப்பிட்டான், படுத்தான். பாய் நனைஞ்சிருந்துச்சுன்னு ஈர ஜட்டிய உருவினேன். அந்த நேரத்துல எப்பவும் என் மூஞ்சியிலயே உதைப்பான். இன்னைக்கு உதைக்கல. தூக்கின கால் அப்படியே பொத்துன்னு விழுந்துச்சு.

— அப்பவே எனக்குப் போன் பண்றதுக்கு என்ன?

— பண்ணாமலா? உங்க ஃபேக்டரியில ஒருத்தன் எடுத்தான். மெஷின்ல இருக்காங்க, ஷிப்ட் முடிஞ்சதும் சொல்றேன்னான். புள்ள கண்ணு தெறக்கலைய்யாங்கறேன், சரி சொல்றேன்னு வச்சுட்டான். அதான் கெடைச்ச வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டு உங்க கேட்டுக்கே வந்துட்டேன். வாட்ச்மேன்கிட்ட கத்தின கத்துல தொண்டையே போச்சு.

— அந்த சூப்பர்வைசர்தான், நாசமாப் போறவன். அவன் பொண்டாட்டி தும்மினாக்கூட பாதி நாள்ல வீட்டுக்கு ஓடறவன். அண்ணே, ஏன் நிறுத்திட்டீங்க?

— தப்பா நெனைக்காதீங்கம்மா, சிக்னல். நான் ஹாரன் அடிச்சாலும் முன்னாடி நிக்கற லாரி பறக்காது.

— பிளாட்பாரத்துல ஏத்துங்க!

— ஏத்தலாம். அங்க நடக்கறவங்க நாலு பேரையும் அப்புறம் இதே வண்டியில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இதோ, பச்சை விழுந்துடும். கொஞ்சம் பொறுங்க.

— கண்ணு, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. காலைல இவனுக்கு ஏதாச்சும் குடுத்தியா?

— பால் குடுத்தேன். பிஸ்கட் குடுத்தேன்.

— அது இல்ல. மருந்து கிருந்து?

— எதுக்கு மருந்து? நல்லாத்தானே இருந்தான்? காலைல ஓடிவந்து உன் காலைக் கட்டிக்கிட்டானா இல்லையா? உங்க எடத்துல வச்சு ஒண்ணு ஆயிட்டா, உடனே அம்மாக்காரி தலையில தூக்கிக் கட்டிடுவீங்களா?

— நான் கட்டல கண்ணு. கேக்கறேன்.

— தப்பா நெனைக்காதீங்கம்மா. உள்ள போனதும் டாக்டர் கேக்கற முதல் கேள்வியே அதுதான். நீங்க ஒண்ணு சொல்லி, புள்ளையோட ரத்தம் வேற ஒண்ணு சொன்னா, நடுவுல கெடந்து அவஸ்தைப்படறது புள்ளதான்.

— நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க!

— ஓட்டறேன்மா.

— ...குடுத்தேன்.

— என்னது?

— குடுத்தேன்க்கா. சளி மருந்து. ராத்திரியெல்லாம் மூக்கு ஒழுகுச்சு. உங்க மேடம்தான் வாசல்லயே நின்னு மூக்கைப் பாத்துத்தானே உள்ள விடுது? சளின்னா திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்பினா எனக்கு லீவு. இன்னொரு லீவு போட்டா நீ வரவே வேணாம்னு அந்த சூப்பர்வைசர் போன மாசமே சொல்லிட்டான். நான் என்ன பண்ண? இவனை இடுப்புல கட்டிக்கிட்டா மெஷின் ஓட்டறது? மருந்தை ஊத்தி, மூக்கைத் தொடைச்சு, பவுடர் அப்பி, வாசல்ல நல்லாச் சிரிக்கணும்டான்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். ரெண்டு வயசுப் புள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுத்தேன், போதுமா?

— எவ்வளவு குடுத்தே?

— கால் மூடி. குடிச்சா தூக்கம் வரும்னு கடைக்காரர் சொன்னாரு. அதனால பயந்து பயந்து கால் மூடிதான்.

— அப்பாடா.

— என்ன அப்பாடா?

— இல்ல... என்னன்னு தெரிஞ்சுதேன்னு. இரு, போன் அடிக்குது. மேடம்... ஆமா மேடம், வண்டியிலதான்... இன்னும் முழிக்கல... அவங்க அம்மாவே காலைல ஏதோ மருந்து குடுத்தாங்களாம் மேடம்... சரி மேடம், சொல்றேன்... வந்தவங்க இன்னும் கெளம்பலையா?... சரி. சரி மேடம்.

— என்ன சொல்லச் சொல்றா?

— நீதான் மருந்து குடுத்தேன்னு டாக்டர்கிட்ட நீயே சொல்லிடணுமாம். காப்பகத்துப் பேரு வரக்கூடாதாம்.

— புள்ள எப்படி இருக்கான்னு கேட்டாளா?

— அவசரத்துல இருந்தாங்க...

— கேக்கல. அதைச் சொல்லு. வாசல்ல நின்னு மூக்கை மட்டும் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கத் தெரியும்.

— அம்மா, திரும்பவும் தப்பா நெனைக்காதீங்க. கால் மூடிக்கு ஒரு புள்ள இப்படி விழாது. என் பொண்ணு சின்னதுல அந்த மருந்தைக் குடிச்சுட்டு வீட்டையே தலைகீழாப் பொரட்டிப் போடுவா.

— அதானே! காலைல குதிச்சுக்கிட்டுத்தானே உள்ள போனான். அக்கா, மத்தியானம் என்ன குடுத்தே?

— சோறும் முட்டையும். பாதிதான் தின்னான்.

— அப்புறம்?

— தண்ணி. அப்புறம் எப்பவும் குடுக்கற சத்து மருந்து.

— எந்தச் சத்து மருந்து? நான் எதுவும் வாங்கித் தரலையே?

— மேடம் வாங்கறது. சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாப் புள்ளைங்களுக்கும் ஊத்துவேன். சத்தியமா நல்லதுதான் கண்ணு, உடம்பு தேறும். இந்தா, ஏப்ரன் பையிலயே இருக்கு.

— இதுல பேரே இல்லையே. ஒட்டியிருந்த சீட்டை யாரு கிழிச்சது?

— வரும்போதே அப்படித்தான் வரும்.

— மூடியத் தெற. எனக்குக் கை ஒழியல. மூக்குகிட்ட கொண்டா.

— என்ன? ஏன் அப்படிப் பாக்கறே?

— இதான். காலைல நான் குடுத்தது இதான்க்கா. இதே வாசனை, இதே செவப்பு. வெரல்ல ஒட்டினா சோப்பு போட்டாலும் பிசுபிசுன்னு நிக்கும். இது சத்து மருந்து இல்ல. சளி மருந்து. தூங்க வைக்கற மருந்து.

— சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லாத.

— இதைக் குடிச்சதும் புள்ளைங்க என்ன பண்ணுவாங்க?

— படுப்பாங்க. வயிறு நெறைஞ்சா தூக்கம் வரும்தானே.

— எல்லாரும் ஒண்ணாவா? ஒருத்தன்கூடப் பொரளாம, ஒருத்திகூட அம்மான்னு சிணுங்காம? இத்தனை வருஷமா புள்ளைங்களோட கெடக்கறே, ஒரு நாள்கூட உனக்குச் சந்தேகமே வரலையா?

— ...அந்தக் கொஞ்ச நேரந்தான் கண்ணு எனக்கு. பாத்திரம் கழுவணும், துணி அலசணும், மிச்சம் இருந்தா முதுகைச் சாய்க்கணும். அமைதியா இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன். ஏன் இவ்வளவு அமைதின்னு கேக்கல.

— இன்னைக்கு எவ்வளவு ஊத்தினே?

— தெனமும் ஒரு மூடிதான்.

— இன்னைக்கு எவ்வளவுன்னு கேட்டேன்!

— ரெண்டு.

— ரெண்டா!

— இன்னைக்குக் காப்பகத்தைப் பாக்க ஆளுங்க வர்ற நாள். இன்னொரு கிளை தொறக்கப் பணம் போடறவங்களாம். அவங்க பாக்கும்போது புள்ளைங்க அழக்கூடாதுன்னு மேடம் பக்கத்துலயே நின்னு எல்லாருக்கும் ரெண்டு மூடி ஊத்த வச்சாங்க. சத்துதானே, கூடக் குடுத்தா என்ன கெட்டுப்போச்சுன்னு நானும்... ஐயோ. ஐயோ, நானே என் கையால...

— இப்ப அழுது என்ன? யாருக்குப் போன் பண்றே? அவளுக்கா? என்னை வச்சுக்கிட்டே அவகிட்ட என்ன பேசப் போறே?

— எடுக்க மாட்டேங்கறாங்க. அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்க மாட்டேங்கறாங்க.

— அம்மா, வந்தாச்சு. அதோ அவசரப் பிரிவு. எறங்கி உள்ள ஓடுங்க. காசைப் பத்தி யோசிக்காதீங்க. ஏப்பா ஸ்ட்ரெச்சரு! இங்க, இங்க! சின்னப் புள்ள!

— பட்டாணி, வந்தாச்சுடா. இன்னும் கொஞ்சம்டா தங்கம். அக்கா, எறங்கு. உள்ள வந்து உன் வாயால சொல்லு.

— இந்தா, பாட்டிலைப் பிடி. மத்தியானம் ரெண்டு மூடி, அதுக்கு முன்னாடி உன்னோட கால் மூடி. ஒண்ணையும் மறைக்காத. என் பேரைச் சொல்லு, மேடம் பேரையும் சொல்லு.

— நீ சொல்லேன்! ஏன் இன்னும் உக்காந்திருக்கே? ஓடப் பாக்கறியா? இது நீ பெத்த புள்ளையா இருந்தா இப்படி வாசல்ல போட்டுட்டு ஓடுவியா?

— அண்ணே, என்னை ஏத்தின எடத்துக்கே வண்டியத் திருப்புங்க. நான் வரும்போது அங்க ஒருத்தரும் எந்திரிக்கல. கடைசிப் பாயில கெடக்கறது நான் பெத்த புள்ள.