கயிறு பிடித்தவனுக்குப் பங்கு

ராத்திரி ஒரு மணி இருக்கும். குளச்சலுக்கு வடக்கே ஒரு கால்வாய்க் கரை ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வாழைத் தோட்டம். தெருவிளக்கு என்ற பேச்சே கிடையாது. மழை... சாதாரண மழை இல்லை, வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. அந்த ரோட்டில் ஒரே ஒரு மீன் வண்டி போகிறது.

பிரிஜா, அந்தப் பஞ்சைக் கீழே வை. கிறிஸ்மஸ் குடிலுக்குப் பனி போடுவதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், கரண்ட் இப்போதைக்கு வராது. பனி என்றால் என்னவென்று தெரிந்துகொண்டு அப்புறம் பெத்லகேமில் கொட்டு.

வண்டியை ஓட்டினது மத்தியாஸ், குறும்பனைக்காரன். இதோ உட்கார்ந்திருக்கிறானே லிபின், இவனுக்குச் சொந்தத் தாய்மாமன். இப்போதே இவன் முகம் வெளுத்ததைப் பாருங்கள்.

"நா ஒண்ணும் பயப்படல்ல. நீங்க சொல்லுங்க அண்ணா," என்றான் லிபின். சொல்லிக்கொண்டே சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்தான்.

நடந்தது இரண்டாயிரத்துப் பதினொன்றில். மத்தியாஸுக்குப் பக்கத்து சீட்டில் அவன் மகள் ஷிபா. ஐந்து வயசு. காய்ச்சல் ஏறி ஏறி, பொழுது சாய்ந்த பிறகு வலிப்பும் வந்துவிட்டது. அம்மா குளோரி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அந்த மழையில் ஆட்டோக்காரன் ஒருத்தனும் வரமாட்டேன் என்றுவிட்டான். மெயின் ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. எப்படியாவது நெய்யூர் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டு சேர்த்தால் போதும் என்று கால்வாய்க் கரையில் வண்டியைத் திருப்பினான்.

போன் கட்டாவதற்கு முன்னால் குளோரி அழுதது காதிலேயே நின்றது. "இஞ்ச பாருங்க... பிள்ளைய ஒங்க கையில தந்திட்டுத்தான் வந்தேன். அவளுக்கு ஒண்ணு ஆச்சுண்ணா நா உயிரோட ஊருக்கு வரமாட்டேன்."

அந்த வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் எல்லா மீன் வண்டியிலும் ஒரே ஐஸ்தான். மற்றவன் வண்டியில் கோட்டாறு சந்தைக்குப் போவதற்குள் தண்ணீராய் ஓடும். மத்தியாஸ் வண்டியில் மறுநாளும் கட்டி கட்டியாய்க் கிடக்கும். "ஏலே, நீ ஐஸுக்கு என்ன மந்திரம் போடுதா?" என்று கேலி செய்வார்கள். மத்தியாஸ் மட்டும் சிரிக்க மாட்டான்.

ஏனென்றால் அவன் ஊருக்குத் திரும்பி வருவதற்கு முன்னால் வடதுருவக் கடலில் ஒரு மீன்பிடி கப்பலில் இருந்தான். உலகத்தின் உச்சி. கடல் உறைந்து தரையாகக் கிடக்கும். ஒருநாள் சின்னப் படகில் போய் மீனள்ளித் திரும்பும்போது, படகு ஐஸில் மாட்டிக்கொண்டது. இறங்கிக் கயிறு போட்டு இழுக்கிறார்கள், இழுக்கிறார்கள்... அசையவில்லை. பொழுது போகிறது. அன்றைக்கு அங்கே கிடந்தால் சாவுதான். திடீரென்று கயிறு இலேசானது.

திரும்பிப் பார்த்தால், கயிற்றின் வாலில் வரிசையாக ஆட்கள். இடுப்பளவு உயரம். உடம்பெல்லாம் வெள்ளைப் பூமயிர். வெறுங்கால், தாரா வாத்தின் கால் போல அகலம். காது முழ நீளம். அதை மடித்துக் கன்னத்தோடு ஒட்டி வைத்திருந்தார்கள், குளிர் நுழையாமலிருக்க. அந்தக் குளிரில் மனுஷன் மூச்சு விட்டால் புகையாய் வரும் இல்லையா? அவர்கள் வாயில் புகை இல்லை. உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர்.

கூட இருந்த அந்த நாட்டுக் கிழவன் நடுங்கிப்போய்ச் சொன்னான், பார்க்காதே, பேசாதே, ஒன்றும் கொடுக்காதே என்று. வேறு ஊர்க்காரனாக இருந்தால் கேட்டிருப்பான். மத்தியாஸ் குறும்பனைக்காரனாயிற்றே!

பிரிஜா வடசேரிக்காரி, அவளுக்குத் தெரியாது. எங்கள் கரையில் மடி வலை இழுக்கும்போது, வழிப்போக்கன் வந்து கயிற்றில் கை வைத்தாலும் அவனுக்குப் பங்கு உண்டு. வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம். மீனைக் கூறு வைப்போம். ஒருத்தன் முதுகைக் காட்டி நிற்பான். இன்னொருத்தன் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பான். திரும்பிப் பார்க்காமல் அவன் யார் பேரைச் சொல்கிறானோ, அவனுக்கு அது. அப்புறம் மாற்றிப் பேசக்கூடாது. ஒருதரம் பங்கு வாங்கினவன் அந்த மடிக்கு உரிமைக்காரன்.

மத்தியாஸ் ஐஸ் மேல் மீனை இரண்டு கூறு வைத்தான். அவர்களில் மூத்தது ஒன்றின் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினான். தொட்டுக் கேட்டான், "இது யாருக்கு?" அது தன் நெஞ்சில் கை வைத்தது. அந்தக் கூறை எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது மூத்தது மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனது... "இது யாருக்கு... இது யாருக்கு..."

"எனக்க அம்மோ," என்றாள் பிரிஜா.

சும்மா இரு. இப்போது கால்வாய்க் கரைக்கு வருவோம்.

வாழைத் தோட்டத்தை ஒட்டி ரோடு பள்ளத்தில் இறங்குகிறது. வண்டி சேற்றில் புதைந்து நின்றது. எஞ்சின் ஒருதரம் இருமி அணைந்தது. போனில் டவர் இல்லை. கூப்பிட்ட தூரத்தில் வீடு இல்லை. ஷிபாவுக்கு மறுபடியும் கண் மேலே செருகி, கைகால் வெட்ட ஆரம்பித்தது.

"மக்கா... எனக்க மக்கா... அப்பாவப் பாரு..."

தொட்டால் கை சுடுகிறது. சூட்டை இறக்கினால்தான் பிள்ளை தங்கும் என்று அவனுக்குத் தோன்றியது. புத்தி கலங்கின நேரம். பின்கதவைத் திறந்து, ஐஸ் மேல் சாக்கை விரித்து, அவளைக் கிடத்தினான். ஓரத்தில் விற்காத பாரை மீன் ஒரு கூடை இருந்தது. மழை அடிக்காமல் கதவைச் சாத்தினான். சாத்தின கதவில் முதுகைக் கொடுத்து, காலைச் சேற்றில் ஊன்றித் தள்ளினான்.

அசையவில்லை. மறுபடியும் தள்ளினான். கால் வழுக்கி விழுந்தான், எழுந்தான். "மாதாவே, யாராவது வரணுமே... யாரானாலும் சரி," என்று கத்தினான். வாய்விட்டு அழுதான்.

அப்போது மழைச் சத்தம் நின்றது. மழை நிற்கவில்லை, சத்தம் மட்டும் நின்றது. தவளையும் வாயை மூடிக்கொண்டது. ஒரு வாடை வந்தது... நம் கடல் மீன் வாடை இல்லை, உப்பே இல்லாத மீன் வாடை. மீனெண்ணெய் மாத்திரையை உடைத்த மாதிரி. காலைச் சுற்றிச் சேறு மொறுமொறுவென்று இறுகியது.

வண்டி இலேசானது.

அவன் தள்ளவே வேண்டியிருக்கவில்லை. சேற்றில் தப்... தப்... தப்... என்று அகலமான பாதங்கள் எடுத்து வைக்கிற சத்தம், இரண்டு பக்கமும். வண்டி மேட்டில் ஏறி, தார் ரோட்டில் நின்றது. மத்தியாஸ் அப்படியே கதவில் முதுகைச் சாய்த்தபடி நின்றான். திரும்பக் கழுத்து வரவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம், ஐஸ் அறைக்குள்ளிருந்து, குறும்பனைக் கரையில் கேட்கிற அதே இழுப்போடு ஒரு குரல்.

"இது யாருக்கு?"

அவனை அறியாமல் வாய் சொல்லிவிட்டது. "எனக்கு! அது எனக்கு!"

பிறகு தகரத்தில் நகம் படுகிற சத்தம்.

"இது யாருக்கு?"

பாரைக் கூடையைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தான் பாவி. தள்ளிவிட்டவர்களை வெறுங்கையோடு அனுப்பலாமா? "ஒங்களுக்கு," என்றான். "எடுத்திட்டுப் போங்க."

சத்தமெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்தது, மழை, தவளை, எல்லாம். கதவைத் திறந்தான். ஷிபா சாக்கின் மேல் அமைதியாகக் கிடந்தாள். வலிப்பு இல்லை, சூடு இல்லை. பாரைக் கூடை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. ஒரு மீன்கூடக் குறையவில்லை.

ஆனால் அவளுக்குப் பக்கத்தில், ஐஸ் மேல், ஒரு பிள்ளையை வெட்டி எடுத்த மாதிரி புதிதாக ஒரு பள்ளம். ஷிபாவின் அதே நீளம். ஒரு கை தலைக்கு மேல் மடங்கி... அவள் எப்போதும் தூங்குகிற மாதிரியே.

எஞ்சின் முதல் சாவியிலேயே பிடித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் தொட்டுப் பார்த்து, ஐஸ் வைத்தது நல்லதாய்ப் போயிற்று என்றார். பிள்ளை பிழைத்தாள். மற்ற வண்டிகளில் உருகுவது போல, அன்றைக்குப் பிறகு அவன் வண்டி ஐஸும் உருகியது. மத்தியாஸ் வண்டியையே விற்றுவிட்டான். ராத்திரி முழுக்க மகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். லிபினின் அப்பாவிடம் மட்டும் ஒருநாள் குடித்துவிட்டுச் சொன்னான்: "முதல்ல கேட்டப்போ எனக்குண்ணு சொன்னேன் அத்தான்... ஆனா ரெண்டு பிள்ளையில முதல்ல தொட்டது எதையாக்கும்? எனக்குத் தந்தது எதை?" இதெல்லாம் குளோரியின் காதுக்குப் போகக்கூடாது, லிபின், சொல்லிவிட்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் குளோரி லீவில் வந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், நேர்ந்துகொண்ட மெழுகுதிரியெல்லாம் கொளுத்தினாள். கிறிஸ்மஸ் முடிந்து எல்லாருமாக வேன் பிடித்து மூணாறு போனார்கள். விடியற்காலம், புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளை பூத்துக் கிடக்கிறது. பிள்ளைகள் வரிசையாக நின்று வாயைத் திறந்து புகை விட்டு விளையாடுகிறார்கள். லிபினும் அதில் நின்றான், கேட்டுப் பாருங்கள்.

"ஷிபா, நீயும் ஊது மக்கா! அம்மா பாக்கட்டு!" என்றாள் குளோரி.

ஷிபா கன்னத்தை உப்பி ஊதினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் வாயை அகலத் திறந்து, "ஹா..." என்றாள்.

ஒன்றுமில்லை.

குளோரி குனிந்து பக்கத்தில் வந்தாள். அதற்குள் மத்தியாஸ் ஓடிப்போய் மகளுக்குப் பின்னால் முட்டி போட்டான். அவள் கன்னத்தோடு தன் கன்னத்தை ஒட்டினான். கன்னம் ஐஸ். அவள் வாய் திறக்கும்போதெல்லாம் தானும் திறந்து, தன் மூச்சை அவள் வாய்க்கு முன்னால் விட்டான். விட்டுக்கொண்டே இருந்தான், கண்ணில் தண்ணீர் வழிய வழிய.

குளோரி கைதட்டிச் சிரித்தாள்.

"பாத்தியளா... எனக்க பிள்ளைக்கு எம்புட்டு புகை!"