குழாயடியில் வந்த விசாரணை

ஜீவா: நிறுத்திட்டாங்க நைனா.

ஏகாம்பரம்: இன்னாத்த நிறுத்திட்டாங்க? மொதல்ல உள்ள வா. வெயில்ல மூஞ்சியே கன்னிப்போயி கீது.

ஜீவா: உன் பென்ஷன. கால் போனதுக்கு மாசாமாசம் கவர்மென்ட்டு குடுத்துச்சே, அத்த. அடியோட நிறுத்திட்டாங்க.

ஏகாம்பரம்: போடீ... ஏத்துறேன்னுதானே சொன்னான்? பட்ஜெட்டு அன்னிக்கு டிவில நீயும்தானே பாத்த? எதுத்தூட்டு கன்னியம்மாகூட வந்து "உனக்கு யோகந்தான் போ"ன்னிச்சே!

ஜீவா: ஏத்துனது நெசந்தான். ஆளுங்களக் கொறச்சிட்டாங்க. ஊடு ஊடா விசாரிச்சி, வசதி கீறவங்க பேரெல்லாம் எடுத்துட்டாங்களாம்.

ஏகாம்பரம்: வசதியா? நமக்கா? சிரிப்பு காட்டாதடி.

ஜீவா: நான் சிரிக்கிற மாதிரியா கீறேன்? காலைலேர்ந்து தாலுக்கா ஆபீஸ்ல நின்னேன். எனக்கு முன்னாடி ரெண்டு கண்ணும் தெரியாத ஒரு அம்மா. அவங்க பேரும் போச்சி. ஏன் சார்னு கேட்டா, "உன் புருசன் பேர்ல ஆட்டோ கீதே"ன்றான். அந்தாளு செத்தே ரெண்டு வருசம் ஆச்சாம் நைனா!

ஏகாம்பரம்: அடப் பாவிங்களா...

ஜீவா: அந்தம்மா அங்கியே தரையில குந்திட்டாங்க.

ஏகாம்பரம்: நமக்கு இன்னான்னு எழுதிக்கீறான்? கால் திரும்ப மொளச்சிடுச்சின்னா?

ஜீவா: இரு, மொதல்ல உன் கால் கட்டப் பாக்கறேன்.

ஏகாம்பரம்: கேக்குறேன்ல?

ஜீவா: அத்த வுடு. இந்தக் கால் புண்ணுக்கு மருந்து எத்தினி நாளைக்கு கீது?

ஏகாம்பரம்: நாலு நாளைக்கி. அந்தப் பணம் வந்தாத்தானே அடுத்தது வாங்கணும்?

ஜீவா: டாக்டரு இன்னா சொன்னாரு... மருந்து ஒரு நாள் வுட்டாலும், சக்கரை இந்தக் காலையும் துன்னுடும்னாரு.

ஏகாம்பரம்: பேச்ச மாத்தாத. இன்னான்னு எழுதிக்கீறான்?

ஜீவா: "மகள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை." நல்ல சம்பளமாம். ஏசி ரூமாம். கம்பெனி காரு ஊட்டாண்ட வந்து இட்டுகினு போவுதாம். நான் டெய்லி ஆவடில ரயிலுக்கு நாக்குத் தள்ள ஓடறேன், காராம்ல காரு! எவன் சொன்னான் இதெல்லாம்? கன்னியம்மாதானே? அந்தம்மா வாய் சும்மா இருக்காதே. இரு, போயி நாலு வார்த்த நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு...

ஏகாம்பரம்: இரு இரு, அந்தம்மாவ எதுக்கு...

ஜீவா: கைய வுடு நைனா!

ஏகாம்பரம்: நாந்தான் சொன்னேன்.

ஜீவா: இன்னாது?

ஏகாம்பரம்: நாந்தாண்டி சொன்னேன். போன மாசம் ஒரு சார் வந்தாரு. நீ வேலைக்குப் போயிட்ட. தண்ணி வர்ற நேரம், தெருவே குழாயாண்ட நின்னுகினு இருந்திச்சி. எல்லாரும் பாக்க, "பொண்ணு இன்னா பண்ணுது"ன்னு கேட்டாரு. வாய் தானா சொல்லிச்சி.

ஜீவா: காரு வருதுன்னுமா தானா சொல்லிச்சி?

ஏகாம்பரம்: அது... கொஞ்சம் ஓவராப் போயிட்டேன்.

ஜீவா: ஐயையோ! கவர்மென்ட்டு ஆளுகிட்ட எவனாவது பெரும பேசுவானா? அவனவன் மாடி ஊட்ட மறைச்சி, ஓலக் குடிசைன்னு எழுதிக் குடுக்குறான். நீ இன்னாடான்னா இல்லாத கார ஓட்டி வுட்டுக்கீற!

ஏகாம்பரம்: எழுதிக்கினே சிரிச்சாரு. "குடுத்து வெச்சவருங்க நீங்க"ன்னாரு. அதுக்குப் பின்னாடி ஆப்பு கீதுன்னு நான் இன்னாத்த கண்டேன்?

ஜீவா: சரி, கேளு. ஒரே ஒரு வயி கீதாம். எனக்கு இன்னா வேல, இன்னா சம்பளம்னு கம்பெனி லெட்டரோட மனு குடுக்கணும். சம்பளம் கம்மின்னா பேரத் திரும்பச் சேத்துப்பாங்களாம். திங்கக்கெயமதான் கடைசி. தாண்டிச்சின்னா அவ்ளோதான்.

ஏகாம்பரம்: வாணாம்.

ஜீவா: இன்னா வாணாம்?

ஏகாம்பரம்: லெட்டரு கிட்டரு ஒண்ணும் வாணாம். வேல செய்யற எடத்துல போயி நின்னா உனக்குத்தான் தலைவலி. நான் பாத்துக்கறேன்.

ஜீவா: இன்னாத்தப் பாத்துப்ப? மிச்ச காலையும் எடுக்கறதப் பாத்துப்பியா?

ஏகாம்பரம்: கத்தாதடி... தெருவுக்குக் கேக்கும்.

ஜீவா: கேக்கட்டும்! நைனா... நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

ஏகாம்பரம்: அப்புறம் சொல்லு. சோறு துன்னியா?

ஜீவா: இப்பவே சொல்லணும். இல்லன்னா என்னிக்கும் சொல்ல மாட்டேன். தாலுக்கா ஆபீஸ்லேர்ந்து நேரா அம்பத்தூர் போயி லெட்டர வாங்கிகினுதான் வந்துக்கீறேன். இந்தா. படி.

ஏகாம்பரம்: கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரில.

ஜீவா: நானே படிக்கறேன். "ஜீவா, தகப்பனார் பெயர் ஏகாம்பரம், ஹவுஸ்கீப்பிங் பணியாளர்..." அது கம்ப்யூட்டர் கம்பெனிதான் நைனா. ஆனா நான் கம்ப்யூட்டருல வேல செய்யல. மேசையத் தொடைக்கறேன். மூணாவது மாடி பாத்ரூம் கழுவுறேன். மொத நாளு நீ தெருவெல்லாம் கூப்ட்டு கேசரி குடுத்துட்ட, அப்புறம் எனக்கு வாயே வரல. ஒன்றர வருசமா உன்ன ஏமாத்திகினு கீறேன். திட்டு நைனா... எதுனா பேசேன்!

ஏகாம்பரம்: தீவாளிக்கு முன்னாடி ஒரு நாளு சோத்து டப்பாவ மறந்துட்டுப் போயிட்ட. கட்டைய ஊனிகினு ரயிலேறி எடுத்துகினு வந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தாண்ட நீ மாப்பு போட்டுகினு இருந்த. உன் வயசுப் பையன் ஒருத்தன், போனப் பாத்துகினே, கால் ரெண்டையும் தூக்கி நாற்காலி மேல வெச்சிக்கினான். கூப்புடாம திரும்பிட்டேன். அந்த சார் கேக்கசொல்ல எனக்கு எல்லாம் தெரியும் ஜீவா. பெத்தவன் என்கிட்டயே மறைச்சி வெச்சிக்கீற விசயத்த, நான் எப்டிம்மா குழாயாண்ட போட்டு ஒடைப்பேன்?