ஒன்றுக்கு மேல் கூடாது

வீட்டில் இரண்டு நகவெட்டி இருந்தால் எனக்குப் பிடிக்காது. தேடும்போது இரண்டுமே கிடைக்காது. நிரல் எழுதும்போதும் எனக்கு அதே புத்திதான் ஐயா.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனத்துக்கு நான்தான் மென்பொருள் எழுதினேன். அதில் சிங்கிள்டன் என்று ஒரு முறை உண்டு. ஒரு வகுப்பிலிருந்து, அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு பொருள்தான் உருவாகும். புதிதாக உருவாக்கும் வழியைப் பூட்டிவிடுவோம். நிரலின் எந்த மூலையிலிருந்து கேட்டாலும் அதே ஒன்றுதான் கிடைக்கும். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்ற பட்டியலுக்கு அது சரி. கூப்பிடுகிறவரின் ஊரையும் நான் அதிலேயே வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது.

கூட வேலை செய்த கோகிலவாணி ஒரே நாளில் கண்டுபிடித்தாள்.

"அண்ணா, ரெண்டு பேரு ஒரே நேரத்துல கூப்ட்டா, பின்னால வந்த ஊரு முன்னால வந்தத அழிச்சிடும்ணா. அழைப்புக்கு ஒண்ணா தனித்தனியா வச்சிடலாம்."

எல்லார் முன்னாலும் சொன்னாள். எனக்கு எரிந்தது. கல்வராயன் மலையிலிருந்து மாதத்துக்கு நாலு அழைப்பு வந்தாலே ஜாஸ்தி என்று சிரித்து அனுப்பிவிட்டேன்.

ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை மலையில் டவர் காலையிலிருந்து வேலை செய்யவில்லை. பதினொரு மணிக்கு சிக்னல் வந்ததும், காத்திருந்தவர்கள் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். ஓர் ஊரில் வெற்றிவேல் என்பவரின் மனைவி ராதிகாவுக்குப் பிரசவ வலி. வேறோர் ஊரில் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்திருந்தார். இரண்டு வண்டியும் பைக் விழுந்த ஊருக்கே போயின.

அன்று அழைப்பு எடுக்கும் மேசையில் நானும் இருந்தேன். இரண்டாவது வண்டியின் ஓட்டுநர் அய்யனார் எனக்குப் போன் செய்தார்.

"சார், அடிபட்டவர முன்னாடி வண்டி ஏத்திக்கினு போயிடுச்சி. எனக்குப் பிரசவ கேசுன்னாங்க. இங்க அப்டி யாரும் இல்லீங்க. வேற ஊரான்னு பாருங்க சார்."

கோகிலவாணி பக்கத்து மேசையில் இருந்தாள்.

"ஸ்கிரீன்ல இருக்கறதுதான் ஊரு. அங்கயே நில்லுங்க" என்றேன்.

பிறகு வெற்றிவேல் கூப்பிட்டார். தன் ஊரின் பெயரைத் தெளிவாகவே சொன்னார்.

"இன்னும் வண்டி வரலீங்க சார். அவ கண்ணு சொருவிக்கினு கெடக்குறா."

"வந்துகினே இருக்குதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று முறை அப்படிச் சொன்னேன். அவள் செத்துப்போவாள் என்று தெரிந்தேதான் சொன்னேன். அதில் நான் எதையும் மறைக்கவில்லை.

ஆனால் நீங்கள் என் வாக்குமூலத்தில் இரண்டு உயிர் போனதாக எழுதியிருக்கிறீர்கள். குழந்தை வெளியே வரவே இல்லை ஐயா. ஒன்று என்று திருத்துங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.