கல்யாணப் பத்திரிகையில் அச்சான ஊர்

இந்த வாசகசாலை ஆண்டுவிழாவின் தலைவர், நம் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் சிவசாமி அவர்களே! பெஞ்சு கிடைத்த பெரியோர்களே! பெஞ்சு கிடைக்காத தாய்மார்களே! வட்டகொடை வாலிபர்களே! வணக்கம்.

பத்தாண்டுகளாக என்னை இம்மேடைக்கு அழைக்காதவர்கள் இன்று அழைத்திருக்கிறார்கள். கண்டியிலிருந்து வரவேண்டிய பேச்சாளருக்குக் காய்ச்சலாம். அந்தக் காய்ச்சலுக்கும் என் நன்றி.

தலைப்பு, 'தேசம் வேறு, அரசு வேறா?' அரசு என்றால் எல்லை, சட்டம், மேசை, முத்திரை. தேசம் என்றால் ஒன்றாக உழைத்து, ஒன்றாக உண்டு, ஒருவரை ஒருவர் இன்னார் என்று அறிந்த மக்கள். நாற்பத்தெட்டில் இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. பின்னாலேயே தோட்டத்துத் தமிழரான நமக்குப் பிரஜாவுரிமை கேட்கும் விண்ணப்பப் படிவம் வந்தது!

அதோ உட்கார்ந்திருக்கும் வேலாயி பிரஜாவுரிமை விசாரணைக்குப் போனாள். நெடுங்காலம் இங்கே வாழ்ந்ததற்கு அத்தாட்சி கேட்டார் அதிகாரி. தோட்டத்துப் பழைய பதிவேடு காணோம். அவளிடம் இருந்தது ஒரே காகிதம்: இருபது ஆண்டுகள் பெட்டியில் காத்த கல்யாணப் பத்திரிகை. கல்யாணம் நடந்தது இதே தோட்டத்து மாரியம்மன் கோயிலில்!

மொழிபெயர்ப்பாளர் முதல் வரியை வாசித்தார். 'திருச்சி ஜில்லா, முசிறி மாநகர்...' அதிகாரி கையை உயர்த்தினார்.

"நீ முசிறிக்காரி."

"முசிறிய கண்ணால கண்டதில்லைங்க ஐயா. எங்கப்பாவே இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுலதான் பொறந்தாரு. பத்திரிகைன்னா அப்புடித்தாங்க போடுவாங்க."

மனு தள்ளுபடி!

நம்மில் யார் வீட்டுப் பத்திரிகையில் பாட்டன் ஊர் இல்லை? பார்க்காத ஊரைப் பெரிய எழுத்தில் போடுகிறோம். பனியில் நடுங்கிப் பிழைக்கும் ஊரைப் பொடி எழுத்தில் போடுகிறோம். அரசுக்குப் பார்வை குறைவு. பெரிய எழுத்தை மட்டும் படித்தது!

சிரியுங்கள். அந்தப் பத்திரிகையை எழுதியவன் நான். முசிறிக்கு 'மாநகர்' என்று மகுடம் சூட்டியவனும் நான். என் அலங்காரத் தமிழ் ஒரு பெண்ணை நாடற்றவள் ஆக்கியது.

வரும் வியாழக்கிழமை நுவரெலியாவில் மறுவிசாரணை. அந்தக் கல்யாணத்தில் உண்ட பிரஜைகள் இருவராவது வந்து சாட்சி சொல்லட்டும் என்கிறார் அவளுக்காக வாதாடும் புரக்டர். நானும் பிரஜை இல்லை, என் சாட்சி செல்லாது. இருவர்! இருநூறு பேர் உண்ட பந்தியில் இருவர் இல்லையா?

யாரது? கடைக்கார லாபிர் நானாவா? "பந்தலுக்குத் தகரம் தந்தது நான்தானே மாஸ்டர், நான் வாரேன்!" என்கிறார். வாழ்க! ஒருவர் ஆயிற்று.

தலைவர் அவர்களே, தாங்களும் பிரஜை. வேலாயி மூன்று முறை உங்கள் வாசலில் நின்றாள். 'எந்தக் கல்யாணம்? ஞாபகம் இல்லையே' என்றீர்கள். அன்று பந்தியில் என் பக்கத்து இலை யாருடையது? அரசு தங்களுக்குக் காகிதம் தந்தது, உண்மை. இலை போட்டுச் சோறு தந்தது யார்?

என்னம்மா வேலாயி, எழுந்துவிட்டாய்?

"பாயாசத்துல முந்திரி இல்லன்னு கோவிச்சுக்கிட்டதே இவருதாங்க வாத்தியாரே!"

அமைதி, அமைதி! தலைவர் ஏதோ சொல்கிறார்... "முந்திரி இருந்துச்சு, ஏலக்காய்தான் இல்ல" என்கிறார்!

கேட்டீர்களா சபையோரே? ஞாபகம் வந்துவிட்டது! ஐயா, வியாழக்கிழமை அந்த மேசைக்கு முன்னால் இதே வார்த்தையைச் சொல்லுங்கள். அரசு காகிதத்தைக் கேட்கட்டும். தேசம் ஏலக்காயைக்கூட மறக்காது என்று காட்டுவோம்! வேலாயிக்கும் நானாவுக்கும் தங்களுக்கும் முதல் ரயிலுக்கு மூன்று சீட்டு நான் எடுத்து வைக்கிறேன்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. தலைவருக்கு முன்கூட்டியே நன்றி. வணக்கம்.