மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைத்தவள்

வெட்டிவேர்த் தைலத்தை அடுப்பில் காய்ச்சக் கூடாது, போலீசு கொமிசேர் ஐயா. வேரை நறுக்கி நல்லெண்ணெயில் போட்டு, நம் பாகூர் வெயிலில் வைத்தால் போதும். மணம் தானாக இறங்கும். எனக்கு எதிலும் அவசரம் கிடையாது.

வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொல்லமாட்டேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குப் பிள்ளை இல்லையென்று அவருக்குக் கரிக்கலாம்பாக்கத்தில் இரண்டாவதாக ஒரு பெண்ணைப் பேசி முடித்தான் அவர் தம்பி பச்சையப்பன். என் சாவிக்கொத்து இன்னொருத்தி இடுப்பில் தொங்குவதை எப்படிப் பார்ப்பேன்? ஆனாலும் முகத்தில் காட்டவில்லை. கல்யாணத்தன்று விடிந்ததும், "மாப்பிள்ளைக்கு நானே எண்ணெ வெக்கிறேன்" என்றேன். என்ன மனசு இவளுக்கு என்று ஊரே மெச்சியது.

உச்சியில் தைலம் வைத்து, பிடரியை நீவி, தோளைப் பிடித்துவிட்டேன். "இன்னா சொகம்டி" என்றார். குளித்து வந்தவருக்குச் சூடாகப் பால் கொடுத்தேன். எண்ணெய்க் குளியலன்று பகலில் தூங்கக் கூடாதென்று எனக்குத் தெரியாதா? இருந்தும், "நேரம் கெடக்குது, செத்த சாஞ்சிக்குங்க" என்றேன். முகூர்த்தத்துக்குப் பச்சையப்பன் தண்ணீர் தெளித்து எழுப்பினான். இவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு அவள் மாமன் மகனே தாலி கட்டிவிட்டான்.

அதோடு விட்டிருக்கலாம். விழித்திருந்தால் மறுபடி கல்யாண ஆசை வருமே. அதனால் தினமும் தேய்த்துவிடுகிறேன், தினமும் பால் கொடுக்கிறேன். மூன்று பொங்கல் போய்விட்டது. கரும்பு வெட்டுக்கு ஆள் வைப்பதும் விலை பேசுவதும் நான்தான். அவருக்குக் கோபம் போயிற்று, தலைவலி போயிற்று. போன மாதம் என் பெயரும் மறந்துபோயிற்று. அதற்காகக்கூட அவர் கவலைப்படவில்லை.

தைலத்தை மோந்து பாருங்கள், அதில் ஒன்றும் கலக்கவில்லை. அபினி பாலில்தான். வில்லியனூர்ச் சந்தையில் கிடைக்கிறது.

அண்ணனை நான் அடைத்து வைத்திருப்பதாகப் புகார் கொடுத்த பச்சையப்பனைக் காலையிலிருந்து காணோம் என்கிறீர்கள். இங்கேதான் வந்தான். "எங்கண்ணன இன்னா பண்ணீங்க அண்ணி?" என்று கத்தினான். பாலைக் குடித்துவிட்டுப் பேசச் சொன்னேன். பாவம், கத்திக் கத்திக் கழுத்தெல்லாம் இறுகிக் கிடந்தது, நீவிவிட்டேன். உள்ளே அண்ணன் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்திருக்கிறேன்.

அந்தக் கதவைப் பாருங்கள் ஐயா, தாழ்ப்பாளே கிடையாது. நான் யாரையாவது அடைத்து வைக்கிறவளா?