பிரசிடென்ட் அங்கிளின் ஞாயிறு வகுப்பு

காபியில சக்கரை கம்மியா இருந்தா சொல்லும்மா, மாளவிகா. எனக்கு ஷுகர் வந்ததிலேர்ந்து யாருக்குப் போட்டாலும் கை தானா குறைச்சிடுது. செல்ஃபோனை மட்டும் ஆஃப் பண்ணி இந்த டேபிள் மேல வெச்சிடு. உன்மேல சந்தேகம் இல்லை. நிக்சன் பாடம் எடுத்து எடுத்து வந்த பழக்கம். அந்த மனுஷன் தன் ரூம்லயே டேப் ரெக்கார்டரை வெச்சுக்கிட்டு, தன் வாயாலயே கெட்டார்.

உங்க லாயர் கொடுத்தனுப்பின பேப்பரைப் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். அடுத்த வியாழக்கிழமை நியூவர்க் இமிக்ரேஷன் கோர்ட்ல உங்கப்பாவுக்கு ஹியரிங். நான் இதுல கையெழுத்துப் போட்டா அவர் இங்கயே இருக்க ஒரு வழி இருக்கு. போடலைன்னா டிபோர்ட் பண்ணி இந்தியாவுக்கே அனுப்பிடுவாங்க, உங்கம்மா ஸ்வர்ணாவும் கூடப் போயாகணும். நீ இங்க பிறந்தவ, உன்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. அவ்வளவுதானே? சரி. நடந்ததை நடந்தபடி சொல்றேன், கேட்டுக்கோ.

ஒன்பது வருஷமா இந்த வீட்டு பேஸ்மென்ட்ல ஞாயித்துக்கிழமை காலைல சிட்டிசன்ஷிப் பரீட்சைக்கு வகுப்பு நடத்தறேன். எடிசன், பிரிட்ஜ்வாட்டர்லேர்ந்தெல்லாம் டிரைவ் பண்ணிட்டு வராங்க. கேள்வி பதில் புஸ்தகத்தை அவங்கவங்க வீட்டுலயே படிச்சுக்கலாம். என்கிட்ட வர்றது பிரசிடென்ட்களுக்காக. உலக யுத்தம் முடிஞ்சப்போ இருந்த ட்ரூமன்லேர்ந்து இப்ப இருக்கற புஷ் வரைக்கும் யார் எந்த வருஷம் வந்தார், எதனால போனார், எல்லாம் எனக்கு நாக்கு நுனியில. பொங்கல் விழாவுல குழந்தைங்க வருஷத்தைச் சொல்லும், நான் பேரைச் சொல்வேன். நீயே என்னை பிரசிடென்ட் அங்கிள்னு கூப்பிட்டவதானே. மெட்ராஸ்ல முப்பது வருஷம் ஸ்டோர்ஸ் கிளார்க்கா இருந்தேன். வெங்கடகிருஷ்ணன்னு ஒருத்தன் இருக்கான்னே பாதிப் பேருக்குத் தெரியாது. பையன் ஸ்பான்சர் பண்ணி இங்க வந்தப்புறம்தான் நான் பேசறதை நாலு பேர் நோட்டுல எழுதிக்கிட்டாங்க.

உங்கப்பா ரெண்டாயிரத்து ஆறு பிப்ரவரியில சேர்ந்தார். நல்ல மனுஷர். நஞ்சுண்டன்னு பேரைச் சொல்லி, கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தார். அடுத்த எலெக்‌ஷன்ல ஓட்டுப் போடணும் சார், அதுக்குத்தான் அப்ளை பண்றேன்னார். இதோ, அந்த எலெக்‌ஷனே வந்தாச்சு. தெரு முழுக்க போர்டு நட்டு வெச்சிருக்காங்க.

மூணாவது வகுப்புல நான், வயசானவங்களுக்கு வைத்தியச் செலவு தர்ற மெடிகேரைக் கொண்டுவந்தது கென்னடின்னு சொன்னேன். உங்கப்பா மெதுவாத்தான் சொன்னார்: "சார், அது ஜான்சன். கையெழுத்துப் போட்டுட்டு முதல் கார்டையே ட்ரூமனுக்குக் கொடுத்தார்." சரியாத்தான் சொன்னார். யாரோ, "அங்கிளுக்கே கிளாஸா"ன்னாங்க. சிரிச்சாங்க. உன்னை அன்னிக்குக் கூட்டிட்டு வந்திருந்தார், படிக்கட்டுல உட்கார்ந்து நீயும் சிரிச்ச. அதுல தப்பே இல்லை, குழந்தை நீ. நானும் சேர்ந்து சிரிச்சேன். அன்னிக்கு சாயங்காலமே அதை மறந்துட்டேன். மார்ச் அஞ்சாம் தேதி, பதினொண்ணு பத்து இருக்கும். உன்னையும் சேர்த்து ஒன்பது பேர்.

அதுக்கப்புறம் வகுப்புல சின்னச் சின்ன மாற்றம் வந்தது. யாருக்காவது சந்தேகம்னா என்கிட்ட கேட்டுட்டு உங்கப்பா முகத்தைப் பார்ப்பாங்க. அவர் தலையாட்டினாத்தான் எழுதிக்குவாங்க. அதையும் நான் பெரிசா எடுத்துக்கலை.

ஏப்ரல்ல ஒருநாள் எல்லாரும் போனப்புறம் உங்கப்பா தயங்கித் தயங்கி வந்தார். கையில சிட்டிசன்ஷிப் ஃபார்ம். எப்பவாவது கம்யூனிஸ்ட் கட்சியில இருந்தீங்களான்னு அதுல ஒரு கேள்வி உண்டு. ட்ரூமன் வேண்டாம்னு திருப்பி அனுப்பியும் இந்த ஊர் காங்கிரஸ் விடாம நிறைவேத்தின சட்டத்தோட வால் அது. எங்க வகுப்புல அந்தக் கேள்விக்கு எல்லாரும் சிரிச்சுக்கிட்டே 'நோ' போடுவாங்க. உங்கப்பா கோயம்புத்தூர்ல படிக்கறப்போ ரெண்டு வருஷம் கட்சி கார்டு வெச்சிருந்தாராம். அதை ஆபீசர்கள் இப்ப பெரிசு பண்ணறதில்லை. ஆனா கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணினப்போ இதே கேள்வி வந்திருக்கு. கம்பெனி ஆள் எல்லாத்துக்கும் 'நோ' அடிச்சு நீட்டியிருக்கான். "நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன் சார்"னார். கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு.

எனக்கு அந்த விஷயம் நல்லாவே தெரியும். முந்தின வருஷம் பிச்சுமணின்னு ஒருத்தர் வேற ஒரு கேள்வியில மாட்டிக்கிட்டப்போ, அவரோட லாயர் எனக்குப் புட்டுப் புட்டு வெச்சிருந்தார். பழைய ஃபார்ம்ல தப்பான பதில் இருந்தா, கவனிக்காம நடந்ததுன்னா பேசிப் பார்க்கலாம். தெரிஞ்சே பொய் சொன்னதுன்னா கிரீன் கார்டும் போயிடும்.

லாயரைப் பார்க்கவான்னு உங்கப்பா கேட்டார். வேண்டாம்னேன். லாயரோட போனாலே ஆபீசருக்கு சந்தேகம் வரும், நீங்களே முந்திக்கிட்டு ஒத்துக்குங்கன்னேன். இந்த நாட்டுல தப்புக்கு மன்னிப்பு உண்டு, மறைச்சாத்தான் மன்னிப்பு இல்லை. நிக்சன் போனது திருட்டுக்காக இல்லை, அதை மறைச்சதுக்காக. கிளின்டனை விசாரணைக்கு இழுத்ததும் பொய்க்காகத்தான். நிக்சன் ஒத்துக்கிட்டார், உடனே அடுத்து வந்த ஃபோர்டு மன்னிச்சார்னு சொன்னேன். அந்த இடத்துல உங்கப்பா என்னைத் திருத்தியிருக்கலாம். நிக்சன் குத்தத்தை ஒத்துக்கவே இல்லை, மன்னிப்பு சும்மாவே கிடைச்சுது. உங்கப்பாவுக்கு அது தெரியாம இருக்காது. ஆனா அன்னிக்கு வாயைத் திறக்கலை. சரி சார்னு கேட்டுக்கிட்டார். எனக்கு ரொம்ப நாளைக்கப்புறம் மனசு லேசாச்சு.

ஃபார்மோட வைக்க வேண்டிய லெட்டரை நானே எழுதித் தரேன்னேன். அடுத்த ஞாயிறு டைப் பண்ணி வெச்சிருந்தேன். ஒரே பக்கம். கட்சியில இருந்த வருஷம், விலகின வருஷம், எல்லாம் அவர் சொன்னபடிதான். கடைசிப் பாராவுல கிரீன் கார்டு ஃபார்ம் விஷயம். அவர் சொன்னது படிக்காம போட்டேன்னு. நான் டைப் பண்ணினது 'நோயிங்லி'ன்னு. தெரிஞ்சே மறைச்சேன், அதுக்கு வருத்தப்படறேன்னு முடிச்சேன். அவர் கையில கொடுத்து, "ஒரு தடவை படிச்சுப் பாருங்க நஞ்சுண்டன்"னேன். அதை நான் சொல்லாம இல்லை. "நீங்க எழுதினதை நான் என்ன சார் படிக்கறது"ன்னு சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டார். படிக்காம கையெழுத்துப் போடற மனுஷர்னு அவரே முந்தின வாரம் சொல்லியிருந்தாரே.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். இன்டர்வியூ, ரிஜெக்‌ஷன், கோர்ட் நோட்டீஸ், வேலை போனது. இப்பல்லாம் கராஜ்ல காருக்குள்ளயே உட்கார்ந்திருக்காராமே, ஸ்வர்ணா கோயில்ல சொல்லி அழுதா. எனக்கு சங்கடமாத்தான் இருந்தது. பிரசாதத்தை அவ கையில கொடுத்து, தைரியமா இரும்மான்னு சொன்னேன்.

அழாதம்மா. டிஷ்யூ அந்தப் பக்கம் இருக்கு.

இந்தப் பேப்பர்ல உங்க லாயர் கேட்டிருக்கறது ஒரே விஷயம், அந்த வார்த்தை யாரோடதுன்னு. என்னோடதுதான். என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் எழுதினேன். உன்கிட்ட வாயால சொல்றேன், கையெழுத்து மட்டும் கேட்காதே. நீ போய் கோர்ட்ல சொல்லலாம். அப்பாவைக் காப்பாத்த பொண்ணு என்ன வேணும்னாலும் சொல்லும்னு நினைப்பாங்க. என்னைக் கூப்பிட்டுக் கேட்டா, ஞாபகம் இல்லைன்னுடுவேன். ஈரானுக்கு ஆயுதம் வித்த விஷயத்துல ரீகன் அப்படித்தான் சொன்னார், நிம்மதியா ரிடையர் ஆனார்.

உங்கப்பாமேல எனக்குக் கோபம்னு தயவுசெஞ்சு நினைச்சுக்காதே. கோபப்படற வயசா இது. அந்த வகுப்பு நல்லபடியா நடக்கணும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நடக்குது. போன ஞாயிறு பதினாலு பேர் வந்திருந்தாங்க. மெடிகேர் கொண்டுவந்தது கென்னடின்னு சொன்னேன். பதினாலு பேரும் எழுதிக்கிட்டாங்க.